பாதிப் பிறவி

சென்னையில் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் கோடை விடுமுறைக்குக் கள்ளக்குறிச்சி வந்திருந்தபோது ஒரு பாத்திரத்தைச் சிருஷ்டித்துக்கொண்டிருந்தான். நாவலுக்கோ நாடகத்துக்கோ அல்ல. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் நடத்துகிற ஒரு விளையாட்டுக்கு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெஸன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974ல் வெளியிட்டது. விளையாடத் தொடங்குமுன் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். இனம், தொழில், பலம், அறிவு, கவர்ச்சி என்று கட்டங்கள். பையன் இனம் என்ற இடத்தில் அரை-ஆர்க் என்றும், தொழில் என்ற இடத்தில் காட்டுவீரன் என்றும், அதன் பக்கத்தில் பூசாரி என்றும் பென்சிலால் எழுதியிருந்தான். பகடை இன்னும் உருட்டவில்லை.

ஆர்க் என்பது டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூலம் பரவிய அரக்கக் கூட்டம். அரை-ஆர்க் என்றால் மனிதக் கலப்பு.

"ரெண்டும் ஒத்து வராது மாமா" என்றான். "வெறி ஏறிட்டா மந்திரம் போட முடியாது. மந்திரம் போடணும்னா வெறி இறங்கணும். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வேஸ்டுன்னுதான் சொல்றாங்க."

"பின்னே ஏன் இதை எடுத்தே?"

"காட்டுவீரனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பூசாரியானா தானா எழுத்து வந்துடும். அது எனக்குப் பிடிச்சிருந்தது."

அவர்கள் வைத்திருந்தது 2000ல் வந்த மூன்றாம் பதிப்பின் விதிகள். பையன் சொன்னது வாஸ்தவம்தான். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அரை-ஆர்க்காகப் பிறந்தால் பலத்தில் இரண்டு கூட்டிக்கொள்ள வேண்டும், அறிவிலும் கவர்ச்சியிலும் இரண்டிரண்டு கழித்துக்கொள்ள வேண்டும். இதற்கு முந்தைய 1978ஆம் வருஷ விதிநூலில் விஷயம் இன்னும் அப்பட்டம். அதில் அரை-ஆர்க் பூசாரியாகலாம், ஆனால் நான்காம் படிக்கு மேல் ஏற முடியாது. கொலையாளித் தொழிலில் மட்டும் அவனுக்கு உச்சவரம்பு கிடையாது. கோயிலில் எத்தனை படி, கொலையில் எத்தனை படி என்று ஒருவனின் ரத்தத்தைப் பார்த்து நிர்ணயிக்கிற இந்த அட்டவணையை அமெரிக்கப் பையன்கள் ஏதோ கற்பனையாக எண்ணி விளையாடியிருக்கலாம். தமிழ்நாட்டில் இருக்கிற ஒருவனுக்கு இதில் கற்பனை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம். ஒரு விதத்தில் இந்த விளையாட்டு நம்மைவிட யோக்கியமானது என்றுகூடத் தோன்றுகிறது. கழிக்கிற எண்ணை அது படிவத்திலேயே எழுதிக் காட்டுகிறது.

வெறிக்கும் பூசைக்கும் ஆகாது என்ற விதிதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. இதை எழுதியவர்களின் மனதில் பூசாரி என்றால் நிதானம், அங்கி, புத்தகம். வெறி என்றால் புத்தி கெட்ட நிலை, மிருகத்தன்மை. இந்தப் பிரிவினை எல்லா ஊருக்கும் பொதுவானதல்ல. நம் பழைய பாட்டுகளில் வரும் வேலன் முருகனின் பூசாரி. கையில் வேல் பிடித்து ஆடுகிறவன். அவன் ஆடுவதற்குப் பெயரே வெறியாட்டு. வெறிபாடிய காமக்கண்ணியார் என்று ஒரு புலவருக்குப் பெயரே அதிலிருந்து வந்திருக்கிறது. (அகப்பாட்டுகளில் இந்த வேலன் பெரும்பாலும் கேலிக்கு ஆளாகிறான். பெண்ணின் நோய்க்குக் காரணம் மலைநாட்டுக் காதலன் என்பது தோழிக்குத் தெரியும். வேலன் முருகன் என்று சொல்லி ஆட்டை அறுக்கிறான். புலவர்கள் பூசாரியை நம்பவில்லை என்பதை ஒரு ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.) இன்றும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மருள் வந்து ஆடுகிறவன் வாயிலிருந்துதான் குறி வருகிறது. மருள் இறங்கிவிட்டால் அவன் பழையபடி கூலிக்காரனோ வண்டிக்காரனோதான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆக, வேஸ்ட் என்று பையனின் நண்பர்கள் தள்ளிய அந்தப் பாத்திரம் நம் ஊரில் புதிதாகச் சிருஷ்டிக்க வேண்டியதே அல்ல. முதல் மாரியம்மன் திருவிழாவிலேயே அகப்பட்டுவிடும்.

ஆனால் இதை நான் எளிதாக விட்டுவிடக் கூடாது. 'எங்களிடம் இது முன்னமே இருக்கிறது' என்று சொல்லித் திருப்தி அடைவது நம்மவர்களின் பழைய வியாதி. நம்மிடம் இருந்தது என்றால், இருந்ததை வைத்து நாம் என்ன செய்தோம்?

கள்ளக்குறிச்சி 2019ல் தனி மாவட்டமானபோது அதன் எல்லைக்குள் வந்த ஊர்களில் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துக் கூவாகமும் ஒன்று. அங்கே கூத்தாண்டவர் என்று கும்பிடப்படுகிறவன் அரவான், அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். வடமொழி பாரதத்தில் இவன் எட்டாம் நாள் போரில் ஓர் அரக்கன் கையில் சாகிற சாதாரண வீரன்தான். தாய்வழி உறவினன் ஒருவனே பார்த்தன்மேல் இருந்த பகையால் இவனைக் கைவிட்டான் என்ற செய்தியும் அதில் இருக்கிறது. அதாவது பாதி ரத்தம் இரண்டு பக்கமும் செல்லாக் காசு. தமிழில் கதை வேறு. பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே, ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, இவன் களப்பலி ஆகிவிடுகிறான். வில்லிபுத்தூராரும் களப்பலியைப் பாடுகிறார். அவர் பிறந்த சனியூர் திருமுனைப்பாடி நாட்டில் இருந்தது, ஏறக்குறைய நம் சீமை.

களப்பலிக்கு முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஆள் வேண்டும் என்கிறார்கள். பாண்டவர் பக்கம் அப்படிப்பட்டவர்கள் மூன்றே பேர்: கிருஷ்ணன், அர்ச்சுனன், அரவான். முதலாமவன் இல்லாமல் போர் நடக்காது. இரண்டாமவன் இல்லாமல் ஜெயிக்க முடியாது. இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, அரவானிடம் குறை எதுவும் இல்லை என்பதுதான். விளையாட்டு விதி கலப்புப் பிறவியின் அறிவில் இரண்டைக் கழிக்கிறது. நம் கதை எதையும் கழிக்கவில்லை. முழு மதிப்பெண் போட்டுவிட்டு, அந்த முழுமையையே காரணமாகக் காட்டி வெட்டுகிறது. முப்பத்திரண்டு இடத்திலும் அவன் தன் உடம்பைத் தானே அரிந்து காளிக்குக் கொடுத்தான் என்பது வழக்கு. கத்தியும் அவன் கையில், உடம்பும் அவனுடையது. பலியிடுகிற பூசாரியும் பலியும் ஒருவனே. பையனின் படிவத்தில் இருந்த அத்தனையும் இங்கே இருக்கிறது: பாதி ரத்தம், வீரன், பூசாரி.

கடோத்கஜனை எடுத்துக்கொள்ளுங்கள். பீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்தவன். அசல் அரை அரக்கன். பதினாலாம் நாள் இரவுப் போரில் கர்ணனின் சக்தி ஆயுதம் அவன்மேல் செலவாகிறது. பாண்டவர்கள் அழுகிறார்கள், கிருஷ்ணன் மட்டும் சந்தோஷத்தில் ஆடுகிறான். காரணம் கேட்கும்போது, அர்ச்சுனன் பிழைத்தான் என்பதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். நிறுத்தவில்லை. கர்ணன் கொல்லாவிட்டால் நானே இவனைக் கொல்ல வேண்டி வந்திருக்கும், இவன் வேள்விக்கும் அந்தணருக்கும் பகைவன் என்கிறான். துரோண பருவத்தில் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போயிருக்கிறேன். கூப்பிட்டபோதெல்லாம் வந்து நின்ற பிள்ளை. நம் பக்கம் நின்று சண்டை போட்டாலும் பிறப்பு எதிர்ப்பக்கமே நிற்கும் என்பது தர்மத்தின் பெயரால் சொல்லப்படுகிறது. இதற்குமேல் 1978ஆம் வருஷத்து அட்டவணையை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி அரவானின் உடம்பை ஒவ்வொரு வருஷமும் கூட்டிச் சேர்க்கிறார்கள். சிரசு கோயிலிலிருந்து வருகிறது. புஜம், மார்பு, கை, கால் என்று மற்றவை சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகின்றன. மரமும் வைக்கோலும் மாலையுமாகத் தேர்மேல் ஓர் ஆள் எழும்புகிறான். முந்தின இரவு திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் கிராமத்து ஆண்களும் உண்டு. மறுநாள் தேர் பந்தலடிக்குப் போகிறது. தாலி அறுகிறது, வெள்ளைச் சேலை வருகிறது, வைக்கோல் உடம்பு கலைந்துபோகிறது. ஒரு பாத்திரத்தைக் கூட்டாகச் சிருஷ்டித்துச் செலவழிப்பது என்றால் இதுதான். அவன் சாவை ரசிக்க அங்கே யாரும் வருவதில்லை, அழ வருகிறார்கள். இந்த வித்தியாசம் பெரிது என்று நினைக்கிறேன். அதே சமயம், அழுகிறவர்கள் அடுத்த வருஷமும் அவனைச் செய்துதான் அறுக்கிறார்கள் என்பதையும் மறைக்க முடியவில்லை. (நம் கவிஞர்கள் அரவானைக் குறியீடு ஆக்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நானும் இந்தக் கட்டுரையில் அவனைச் செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.)

இப்போது விதி மாறிவிட்டது. 2024ல் வந்த விதிநூலில் அரை-ஆர்க் இல்லை. ஆர்க் உண்டு, மனிதன் உண்டு. அரை மட்டும் நீக்கப்பட்டுவிட்டது. இனம் என்ற சொல்லும் போய்விட்டது. பிறப்பைப் பார்த்துக் குணத்தைக் கூட்டிக் கழிப்பது தப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக உணர்ந்து வந்து நின்ற இடம் இது. உணர்ந்தது சரிதான். பாதி என்பது தன்னை முழுசு என்று நம்புகிறவன் வைக்கும் பெயர் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் கட்டத்தை அழித்துவிட்டால் அதில் நின்றிருந்தவன் எங்கே போவான் என்ற கேள்வி இருக்கிறது. இதைத் தத்துவமாக மட்டும் நான் கேட்கவில்லை.

வங்கியில் கணக்குத் தொடங்கும் படிவத்தில் பெயருக்கு முன்னால் திரு, திருமதி, செல்வி என்று சின்னக் கட்டங்கள் இருக்கும்; கீழே ஆண், பெண். 2014ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. படிவங்களில் அதற்கு இடம் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2015ல் சுற்றறிக்கை அனுப்பியது. அதற்கு முன்னால், நான் வேலையில் சேர்ந்த புதிதில், ஒருவர் கவுண்ட்டருக்கு வந்தார். படிவத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசை நீண்டது. "ஏதாவது ஒண்ணுல டிக் போடுங்க" என்றேன். "எதுல போட்டா சீக்கிரம் ஆகும் சார்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நான் அவருடைய ரேஷன் கார்டில் எது இருக்கிறதோ அதைப் போடச் சொன்னேன். போட்டார். கணக்கு ஆரம்பமாயிற்று. நான் செய்தது விதிப்படி சரி, அதைவிட நல்லதாகச் செய்ய அன்றைக்குக் கட்டம் இல்லை என்றெல்லாம் எனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காருங்கள் என்று சொல்வதற்குக் கட்டம் தேவைப்பட்டிருக்காது.

கலப்பை அழிக்காமலும் கழிக்காமலும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா? எனக்குத் தெரிந்த ஓர் உதாரணம் மேற்கே கல்வராயன் மலையில் இருக்கிறது. அதுவும் சங்கடமான உதாரணம். எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட தொகுதிகளில், மலையாளிகள் பற்றிய பகுதியில் ஒரு செய்தி வருகிறது. கல்வராயன் மலையாளிகளின் முன்னோர் காஞ்சிப் பக்கமிருந்து வந்தவர்கள். மலையில் இருந்த வேடர்களைக் கொன்று அவர்களுடைய பெண்களை மணந்தார்கள். அதனால் கல்யாணத்தில் அந்த வேடக் கணவனின் சாவைக் குறித்து ஒரு துப்பாக்கி வெடிக்கப்படும். துரைகள் கேட்டு எழுதியது, முழுக்க நம்ப வேண்டியதில்லை. ஆனால் இப்படி ஒரு கதையைத் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்ட ஜனங்கள் என்னை ஆச்சரியப்படுத்துகிறார்கள். அந்தக் கதைப்படி மலை முழுக்கவே பாதிப் பிறவிகள். யாரும் தன்னைப் பாதி என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு வேட்டுச் சத்தம், செத்தவனின் பங்காக. குற்றம் ஒப்புக்கொள்ளப்படுகிறதா, கொண்டாடப்படுகிறதா? இரண்டு விதமாகவும் கேட்கிறது அந்தச் சத்தம். அந்த முதல் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு வேட்டு எதுவும் இல்லை.

பையனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "உன் ஆளோட அம்மா யாரு?" என்று மட்டும் கேட்டேன்.

"அதுக்குக் கட்டம் இல்ல மாமா."

எங்கள் வங்கிப் படிவத்தில் தாயின் பெயருக்குக் கட்டம் உண்டு என்றேன். சிரித்தான். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஏதோ எழுதினான். எனக்குக் காட்டவில்லை. பிறகு மூன்று பகடைகளைச் சேர்த்து உருட்டினான். அறிவுக்கு ஒன்பது விழுந்தது. விதிப்படி இரண்டைக் கழித்து ஏழு என்று எழுதிக்கொண்டான்.