பெயர் யாருடையது?

மனிதன் கேளாமலே பெறுகின்ற முதற் பொருள் எது? பால் என்பீர்கள். அன்று, பாலுக்குக் குழந்தை அழுகிறது, அழுது கேட்கிறது, கேட்டுப் பெறுகிறது. கேளாமலே பெறுவது, வேண்டாமென்று மறுக்க வாயில்லாத வேளையில் பெறுவது, பெற்றபின் சாகும்வரை சுமப்பது வேறொன்று உண்டு. அதுதான் பெயர். உடுத்த துணி கிழிந்தால் மாற்றிக்கொள்கிறோம். குடியிருந்த வீடு இடிந்தால் வேறு வீடு தேடுகிறோம். பெயரை மட்டும் மறு பேச்சின்றிச் சுமக்கிறோம். இவ்வளவு நெடுங்காலம் ஒருவர் சுமக்க வேண்டியதைத் தலையில் ஏற்றுகின்ற உரிமை யாருக்கு? சோதிடருக்கா? பாட்டிக்கா? சீர்திருத்தம் பேசுகின்ற மாமனுக்கா?

இந்தக் கேள்வியை நான் கல்லூரியில் கற்கவில்லை. வாணியம்பாடிக்கு அருகே பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில், என் தமக்கை வீட்டுத் தொட்டிலருகே, நாற்பது பேர் நடுவில் தலைகுனிந்து நின்று கற்றேன்.

என் தமக்கை காலணித் தொழிற்சாலையில், ஊரார் சொல்லும் 'ஷூ கம்பெனி'யில், தையல் பொறியில் அமர்ந்து மேல்தோல் தைப்பவர். அவர் கணவர் தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்பவர். முதற் குழந்தை பெண், இரண்டாவதும் பெண், மூன்றாவதும் பெண். முதலிரண்டு மகப்பேற்றுக்கு 26 வாரம் ஊதியத்தோடு விடுப்புத் தருகின்ற சட்டம், மூன்றாவதற்கு 12 வாரமே தருகிறது. அந்தப் பன்னிரண்டு வாரத்துக்குள் உடல் தேற வேண்டும். குழந்தை தேற வேண்டும். பெயரும் வைத்தாக வேண்டும். முப்பதாம் நாள் தொட்டிலிடுவதென்று முடிவாயிற்று.

நான் விடுவேனா? பகுத்தறிவு பேசுபவன், பள்ளி ஆசிரியன், தாய்மாமன் வேறு. மந்திரமில்லா விழாவாக அதனை நடத்திக் காட்டுவதென்று முடிவு செய்தேன். தோழர்கள் நால்வரை அழைத்தேன். பழந்தமிழ் நூல்களில் தேடி ஒரு பெயரை எடுத்து வைத்தேன். நீண்ட பெயர், முதல் வகுப்புப் பிள்ளை பலகையில் எழுதினால் இரண்டு வரி பிடிக்கும் பெயர். அப்பெயரின் பெருமையை விளக்கி நான்கு பக்கச் சொற்பொழிவும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அங்கே எனக்கு முன்னரே சோதிடர் வந்து அமர்ந்திருந்தார். குழந்தை பிறந்தது திருவாதிரை, மூன்றாம் பாதமாம். அந்தப் பாதத்துக்குப் பஞ்சாங்கம் குறித்துள்ள எழுத்து 'ங'வாம்! தோழர்களே, மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் இவையென்று தொல்காப்பியம் எண்ணிச் சொல்லியிருக்கிறது. அவற்றுள் ஙகரம் இல்லை. தமிழ்நாட்டில் தமிழ்ப் பெண் வயிற்றில் பிறந்த குழந்தைக்கு, தமிழில் எந்தச் சொல்லும் தொடங்காத எழுத்தில் பெயர் வைக்கச் சொல்கின்றன விண்மீன்கள்! நான் இதைச் சொன்னதும் கூட்டம் சிரித்தது. சோதிடரும் சிரித்துவிட்டு, "அதுக்கு மாத்தா வேற எழுத்து போட்டுக்கலாம்" என்றார். விண்மீன் இட்ட கட்டளை ஒரு நொடியில் மாறிற்று. வெற்றி எனதென்று எண்ணிச் சட்டைப்பையில் கை வைத்தேன்.

அப்போதுதான் தமக்கையின் மாமியார் குறுக்கிட்டார். "எழுத்தெல்லாம் எதுக்கு? மூணும் பொண்ணா போச்சு. போதும்பொண்ணுன்னு வையி. அடுத்தது ஆம்பளயா பொறக்கும்" என்றார்.

நான் கொதித்தேன். பெண்ணடிமை பற்றிப் பேசினேன். மாமியார் விடவில்லை, குடும்ப வழக்கம் பற்றிப் பேசினார். மாமா என்னையும் பார்த்தார், தம் தாயையும் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். தோழர் ஒருவர் எழுந்து எனக்குத் துணையாகப் பேசினார். விழாக் கூட்டம் வழக்காடு மன்றமாயிற்று. குழந்தை வீறிட்டு அழுதது. அதை யாரும் கவனிக்கவில்லை.

மூலையில் சுவரோரம் சாய்ந்திருந்த கிழவி ஒருவர் மெல்ல எழுந்தார். மாமாவின் பாட்டி, ஊருக்கே ஆயா. அவர் எழுந்ததும், வழக்கத்தின் பக்கம் இன்னுமொரு வாக்கு விழப்போகிறது என்றுதான் நான் எண்ணினேன்.

"எம்பேரு இன்னான்னு இங்க எத்தினி பேருக்குத் தெரியும்? எல்லாரும் ஆயான்றீங்க. எம்பேரு வேண்டா. எங்கப்பனுக்கு நான் மூணாவது பொண்ணு. கொல்லையில கூப்புட்டாலும் வேண்டா. ரேசன் கடையில கூப்புட்டாலும் வேண்டா. ஓட்டுப் போடப் போனா அங்கயும் வேண்டா. இப்புடி பேரு வச்சும் எனக்குப் பின்னால பொறந்தது பொண்ணுதான். எங்கப்பன் வச்ச பேரு சாமி காதுல விழல. எங்காதுல மட்டும் விழுந்துது. எம்பது வருசமா விழுது."

அவர் அமர்ந்துவிட்டார். எவரும் பேசவில்லை. பேசத் துணிந்தவர் என் தமக்கை ஒருவரே.

"பெத்தவ நானு. ஜோசியரு எழுத்து சொன்னாரு. அத்தை பேரு சொன்னாங்க. தம்பி காகிதத்துல எழுதிக்கினு வந்திருக்கான். என்னை ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஆம், தோழர்களே, நான் கேட்கவில்லை. சோதிடர் கேளாததில் வியப்பில்லை. அவர் பெண்ணின் விருப்பத்துக்கு மதிப்புண்டென்று எந்நாளும் சொன்னவரல்லர். மேடைதோறும் அதைச் சொன்னவன் நான்! அன்று பெயர் சூட்டப்படவில்லை. வந்தவர்கள் சர்க்கரைப் பொங்கலை உண்டு கலைந்தனர். என் நான்கு பக்கமும் சட்டைப்பையிலேயே கிடந்தன.

திரும்பும் வழியில் தோழர் ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார்: "பெயரில் என்ன இருக்கிறது? வெறும் அடையாளம்தானே!" வெறும் அடையாளமா? நாள்தோறும் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களைப் படிப்பவன் நான். தன் பெயரைக் கேட்டதும் "உள்ளேன் ஐயா" என்று முழங்கும் பிள்ளையையும் பார்க்கிறேன். பக்கத்திலிருப்பவர் சிரிப்பாரோ என்று வாய்க்குள்ளேயே பதில் சொல்லும் பிள்ளையையும் பார்க்கிறேன். இருவருக்குமிடையே அறிவிலே வேறுபாடில்லை, பெயரிலே இருக்கிறது.

ஆயாவின் கதை ஒரு வீட்டுக் கதையுமன்று. திருத்தணிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், அடுத்தது ஆணாகப் பிறக்குமென்று நம்பிப் பெண் மகவுக்கு 'வேண்டாம்' என்று பெயரிடும் வழக்கம் அண்மைக் காலம் வரை இருந்ததை நாளேடுகள் வெளியிட்டன. மராட்டியத்தின் சதாரா மாவட்டத்தில் இதே பொருள் கொண்ட 'நகுசா' என்ற பெயரைச் சுமந்த பெண் குழந்தைகள் 280 பேருக்கும் மேல்! 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகம் விழா எடுத்து அவர்களுக்குப் புதுப் பெயர் வழங்கியது. ஒரு சொல்லை மாற்ற ஒரு மாவட்டமே விழா எடுக்க வேண்டியிருந்ததென்றால், அந்தச் சொல் வெறும் அடையாளமா?

பெயரில் இழிவு மட்டுமா ஒளிந்திருக்கிறது? சாதியும் ஒளிந்திருந்தது. குப்பன் என்றும் அடிமை என்றும் சிலருக்குப் பெயரிட்டு, மற்றவர் பெயருக்குப் பின்னே பட்டத்தைத் தொங்கவிட்ட நாடு இது. அதனால்தான் 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்குக என்று தீர்மானித்தது. அதே மாநாடு பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டுமென்றும் தீர்மானித்தது. முதல் தீர்மானத்தை மனப்பாடம் செய்த நான் இரண்டாவதன் உட்பொருளை மறந்துபோனேன்.

இங்கேதான் சீர்திருத்தக்காரர் நின்று எண்ண வேண்டும். நாம் போற்றுகின்ற பெயர் மாற்றங்கள் எவை? வேதாசலம் மறைமலை ஆனார். சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற்கலைஞர் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். கடல் கடந்து அமெரிக்காவிலே, முன்னோரை அடிமை கொண்டவன் தந்த குடும்பப் பெயரை உதறி, அதன் இடத்தில் 'எக்ஸ்' என்ற ஒற்றை எழுத்தை நிறுத்தினார் மால்கம். இவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள், எண்ணியவர்கள், தம் பெயரைத் தாமே மாற்றிக்கொண்டவர்கள். அதனாலேயே அது விடுதலை. தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் மேல், தாயையும் கேளாமல், என் கொள்கையை நான் எழுதி ஒட்டினால் அதற்கு என்ன பெயர்? 1932-இல் சோவியத் நாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய பெரியார், குழந்தைகளுக்கு ரஷ்யா என்றும் மாஸ்கோ என்றும் பெயர் சூட்டியதுண்டு. ஆனால் பெற்றோர் குழந்தையை அவர் கையில் கொடுத்துக் கேட்டனர், அவர் சூட்டினார். என் கையில் யார் கொடுத்தார்கள்?

வாணியம்பாடியைச் சுற்றி எல்லாச் சமயத்தாரும் வாழ்கிறார்கள். ஒரு வீட்டில் ஏழாம் நாள் முடியிறக்கி அகீகா. ஒரு வீட்டில் ஞானஸ்நானம். ஒரு வீட்டில் புண்ணியாதானம். சடங்குகள் வேறு, ஆனால் மூன்றிலும் குழந்தை பேசுவதில்லை, தாய் பெரும்பாலும் பேசவிடப்படுவதில்லை. மந்திரத்தை நீக்கிவிட்டு அந்த மௌனத்தை மட்டும் வைத்துக்கொள்வேனாயின், நான் செய்தது சீர்திருத்தமா? புரோகிதரை எழுப்பிவிட்டு அவர் பலகையில் நான் உட்கார்ந்துகொண்டேன், அவ்வளவே!

"அப்படியானால் வாய்மூடி இருக்கச் சொல்கிறீரா? போதும்பொண்ணு என்றே வைத்துவிடட்டுமா?" என்று கேட்பீர்கள். இல்லை. குழந்தையால் தேர்ந்தெடுக்க இயலாது. யாரேனும் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். ஆகவே பெயரிடுதல் உரிமையன்று, பொறுப்பு. நாளை அக்குழந்தை வளர்ந்து வந்து, "ஏன் இப்படி அழைத்தீர்கள்?" என்று கேட்டால், முகம் பார்த்துச் சொல்லக்கூடிய விடை நம்மிடம் இருக்க வேண்டும். "உன் தம்பி வருவான் என்பதற்காக" என்பது விடையாகுமா? "விண்மீன் சொன்னது" என்பது விடையாகுமா? ஆங்கில எழுத்துகளை எண்ணாக்கிக் கூட்டித் தமிழ்ப் பெயருக்குப் பலன் சொல்லும் இக்காலத்து எண்கணிதம் விடையாகுமா? "என் மேடைக்கு அழகாயிருந்தது" என்பதும் விடையாகாது. அக்குழந்தையின் பொருட்டு என்று சொல்லத்தக்க விடை ஒன்றே விடை. குழந்தைக்காகப் பேசும் தகுதி எவருக்கேனும் முதலில் உண்டென்றால், அது பத்து மாதம் சுமந்தவளுக்கு உண்டு. அவள் தவறினால் எடுத்துச் சொல்லலாம், வாதிடலாம். அவளைக் கேளாமல் முடிவு செய்யலாகாது.

சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்க 1967-இல் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பெயர் சூட்ட அந்தத் தடையும் இல்லை. எந்தச் சட்டமும் சோதிடரின் கையெழுத்தைக் கேட்கவில்லை. பெயரின்றிப் பதிவான குழந்தைக்கு 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். தாமதக் கட்டணம் செலுத்தினால் 15 ஆண்டு வரையிலும் சேர்க்கலாம். ஆகவே முப்பதாம் நாளே முடிவு செய்தாக வேண்டுமென்ற அவசரமும் இல்லை. ஆனால் ஒன்று: முன்னாளில் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியரே பிறந்த நாளையும் பெயரையும் தம் விருப்பம்போல் எழுதிவிடுவார். இன்று அப்படியில்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே சான்று. பிறகு மாற்ற விரும்பினால் அரசிதழ் வரை நடக்க வேண்டும். இன்று இடும் பெயர், ஆயா காலத்துப் பெயரைக் காட்டிலும் ஆழமாக ஒட்டும். ஆகவே பொறுப்பும் பெரிது.

மூன்று வாரம் கழித்துத் தமக்கையைப் பார்க்கப் போனேன். பெயர் வைத்தாயிற்று என்றார். எப்படி என்று கேட்டேன். ஓர் இரவு ஆயாவின் காலைப் பிடித்துவிடும்போது, "உனக்கே பேரு வச்சிக்கிற உரிமை இருந்திருந்தா இன்னா வச்சிக்கினு இருப்ப ஆயா?" என்று கேட்டாராம். ஆயா நெடுநேரம் பேசவில்லையாம். "இதை என்னை யாரும் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு, சிறுமியாயிருந்தபோது தமக்குள்ளேயே தம்மை அழைத்துக்கொண்ட பெயர் ஒன்றைச் சொன்னாராம். தமக்கை அதைத் தம் பெரிய பெண்கள் இருவரிடமும், கணவரிடமும் சொன்னார். எல்லோருக்கும் பிடித்தது. மாமியார் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேத்தியைக் கொஞ்சினார்.

அது தூய தமிழ்ப் பெயரா என்று தோழர்கள் கேட்டார்கள். என் பட்டியலில் அது இல்லை. ஆயினும் எழுபது ஆண்டுக்கு மேலாக ஒரு பெண் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த பெயர் அது. அதை இங்கே நான் எழுதப் போவதில்லை. அது என் கட்டுரைக்கு உரியதன்று. அந்தக் குழந்தைக்கு உரியது. பிடிக்கவில்லையென்றால் வளர்ந்தபின் அவளே மாற்றிக்கொள்ளட்டும். அந்த உரிமையையும் சேர்த்துத்தான் நாம் அவளுக்குச் சூட்டியிருக்கிறோம்.

வாலிபத் தோழர்களே! அடுத்த முறை பெயர் சூட்டும் விழாவுக்கு நீங்கள் அழைக்கப்பட்டால், சொற்பொழிவைப் பிறகு எடுங்கள். முதலில் தாயிடம் சென்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த வீட்டுச் சுவரோரம் சாய்ந்திருக்கும் கிழவியையும் கேளுங்கள். அவர் தம் பெயரைச் சொன்னால், நம் நூல்களில் இல்லாத பாடம் ஒன்று அங்கே கிடைக்கும்.