ஒரே மின்னல், இரண்டு பேர்

சூப்பர் ஹீரோ படங்களில் எனக்கு மனம் ஒட்டியதே இல்லை. வில்லனுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்பதை இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டுக் கட்டடங்களை இடிக்கப் போய்விடுவார்கள். பாசில் ஜோசப் இயக்கி 2021-இல் வந்த ‘மின்னல் முரளி’ என்ற மலையாளப் படத்தில், பாதிக்கு மேல் நான் வில்லனுக்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

*

1990-களில் நடக்கும் கதை. கேரளத்தில் ஒரு கற்பனைக் கிராமம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு தையல்காரன் ஜெய்சன் மீதும், டீக்கடையில் வேலை பார்க்கும் ஷிபு மீதும் மின்னல் விழுகிறது. சாக வேண்டியவர்கள் பிழைத்து எழுகிறார்கள். இருவருக்கும் கிடைப்பது ஒரே சக்தி; ஆனால் ஜெய்சன் நாயகனாகிறான், ஷிபு வில்லனாகிறான்.

*

ஜெய்சனுக்கு உடம்பில் ஏதோ மாறியிருக்கிறது என்று தெரிந்ததும், அதைச் சொல்ல அக்கா மகன் இருக்கிறான். காமிக்ஸ் படிக்கிற பையன். மாமன் சொல்வதை நம்புகிறான். கூடவே நின்று சோதித்துப் பார்க்கிறான். பெற்ற பிள்ளையைப் போல வளர்த்த அப்பாவும் வீட்டில் இருக்கிறார்.

ஷிபுவுக்குச் சொல்ல ஆளில்லை. ஊர் அவனைப் பைத்தியம் என்று ஒதுக்கிவைத்திருக்கிறது. தனக்கு நேர்ந்த அதிசயத்தை அவன் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இருவரின் பாதையும் எங்கே பிரிந்தது என்று திரும்பத் திரும்ப யோசிக்கும்போது, இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறேன்.

*

ஷிபுவாக நடித்தவர் குரு சோமசுந்தரம். கூத்துப்பட்டறையில் பயின்றவர்; ‘ஆரண்ய காண்டம்’, ‘ஜோக்கர்’ படங்களில் நாம் பார்த்த அதே நடிகர். 28 வருடங்களாக மனதில் வைத்திருந்த உஷாவிடம் அவன் பேசும் காட்சி வருகிறது. அவள் அவனை ஏற்றுக்கொண்டதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன. எது முந்தியது என்று பிரிக்க முடியவில்லை. அந்த நேரத்தில் அவனிடம் எந்தச் சக்தியும் தெரியவில்லை. ஒருத்தி தன்னை மனிதனாகப் பார்த்துவிட்டாள் என்பது மட்டுமே தெரிந்தது. கேமரா அவசரப்படாமல் அந்த முகத்தோடு இருந்தது. சண்டைக்கு ஒதுக்கும் பொறுமையை ஒரு முகத்துக்கு ஒதுக்கிய இயக்குநர் மீது பெரும் மரியாதை வந்தது.

*

ஷிபு கொல்கிறான், கொள்ளையடிக்கிறான். உஷாவின் மகளுடைய சிகிச்சைக்காகத்தான் என்பதால் படம் அதை நியாயம் என்று சொல்லவில்லை. ஆனால் அவன் மீதான கோபத்தில் ஊர் வைத்த தீயில் உஷாவும் போய்விடுகிறாள். அதன் பிறகு அவனைத் தடுத்து நிறுத்தும் குரல் ஒன்றுகூட மிச்சமில்லை. ஊரைக் காக்க ஜெய்சன் எழுந்தே ஆக வேண்டும்; அந்த வெற்றியை விரும்பினேன், ஆனால் கைதட்டத் தோன்றவில்லை.

*

ஒருவன் நல்லவனாக நிற்பது அவன் தனி முயற்சி என்றுதான் வீரக்கதைகள் பெரும்பாலும் சொல்கின்றன. அவனைச் சுற்றியிருப்பவர்களுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு என்று இந்தப் படம் சொல்கிறது. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு சூப்பர் ஹீரோ படத்திடம் கேட்கலாம் என்று இதுவரை தோன்றியதில்லை. இனி கேட்பேன்.