சமாரியனின் சமயம்

அம்மாள் வருத்தம் கண்ட வீட்டை எமது கரையோரத்தில் எட்ட நின்றே அறிந்துகொள்ளலாம். படலையில் வேப்பிலைக் கொத்துத் தொங்கும். வெளியார் உள்ளே போகமாட்டார்கள். சில காலத்துக்கு முன் கல்முனைப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்க வீட்டில் பேரனுக்குப் பொக்குளிப்பான் கண்டபோது, பாட்டியாரும் அவ்வாறே வேப்பிலை கட்டினார். பிள்ளையை ஆசுப்பத்திரிக்கும் கொண்டுபோய்க் காட்டினார். அயல்வீட்டுச் சைவ அம்மா கண்ணகை அம்மன் கோவிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்தபோது அதையும் மறுக்காமல் வாங்கி வைத்தார். மறைக்கல்வி வகுப்புக்கு ஒழுங்காக வரும் மூத்த பேர்த்திக்கு இது பொறுக்கவில்லை. "இதெல்லாம் அஞ்ஞானம்" என்று சொல்லி வேப்பிலையை இழுத்து எறிந்துவிட்டாள்.

அவளுக்கு மறைக்கல்வி கற்பிப்பவன் நான் என்பதால் வழக்கு என்னிடம் வந்தது. பாட்டியார் கேட்டது இதுதான்:

"ஏன் மனே, செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்குப் பாண் நேர்ந்து குடுக்கிறம். கடற்கரைப் பள்ளியில கொடியேத்தினா கந்தூரிச் சோறு தாறாங்க, வாங்கித் தின்னுறம். வேப்பிலை மட்டும் எப்பிடிப் பாவமாகும்?"

நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்தப் பதிலைத் தேடியே இதை எழுதுகிறேன்.

சமயங்களை ஒப்பிட்டு எழுதுவோர் பெரும்பாலும் ஓர் அட்டவணை போடுவர். நிறுவியவர் உண்டா, வேதநூல் உண்டா, வகுத்துரைத்த கோட்பாடு உண்டா என்று பார்த்து, உள்ளவற்றை உலகப் பெருஞ் சமயங்கள் என்பர். மற்றவற்றை 'மரபுச் சமயங்கள்' என்று கடைசிப் பக்கத்தில் ஒதுக்குவர். ஆபிரிக்க மக்களின் பழைய சமயங்கள் நெடுங்காலம் அந்தக் கடைசிப் பக்கத்திலேயே கிடந்தன. பேய் வழிபாடு என்ற பெயரும் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. கென்யா நாட்டு அங்கிலிக்கன் குருவான ஜோன் எம்பிற்றி 1969ல் வெளியிட்ட நூல் இந்த எண்ணத்தை அசைத்தது. அங்கே சமயம் ஏதோ ஒரு கட்டடத்துக்குள் ஒருநாள் நடக்கும் காரியம் அல்ல. விதைப்பு, மழை, பிரசவம், மரணம் எல்லாம் அதற்குள் அடங்கும் என்றும், இறந்துபோனவர் அவரை அறிந்தவர்களின் நினைவில் உள்ளவரை குடும்பத்தில் ஒருவராகவே எண்ணப்படுகிறார் என்றும் அவர் எடுத்துக்காட்டினார்.

இதைக் கேட்கும் அம்பாறைக் கரையோரத்தவருக்கு ஆபிரிக்கா அவ்வளவு தூரமாகத் தோன்றாது. கானா நாட்டின் அக்கான் மக்களிடையே பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். இங்கும் அப்படியே. தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் பிள்ளை தாயின் குடியைச் சேரும். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். கோவிலில் குடிக்கு ஒரு வண்ணக்கர், பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்காயர் என்று நிருவாகமும் அந்த வழியே நடந்துவந்தது. காரைதீவில் வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்கு நடக்கும். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோவிலில் பாரதக் கதையை ஒட்டிப் பதினெட்டு நாள் விழா எடுத்துத் தீ மிதிப்பர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகக் கொடியேற்றிக் கந்தூரி கொடுப்பர். எமது ஆலயங்களிலும் பெருநாளுக்குக் கொடியேற்றமே முதற் காரியம். நேர்த்திக்கடன் என்ற சொல்லை மூன்று சமயத்தவரும் பேசுகிறோம். நோன்பு என்ற பழைய தமிழ்ச் சொல்லை முஸ்லிம் சகோதரர் தங்கள் றமழானுக்கு எடுத்துக்கொண்டனர். எமது முன்னோரோ கடவுளைச் 'சர்வேசுரன்' என்று அழைத்துச் செபித்தனர். அந்தச் சொல் எங்கிருந்து வந்ததென்று எவரும் வழக்காடவில்லை.

இந்த நாட்டார் வழிபாடு அறியாமையின் பிள்ளை என்பாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கண்ணகியின் கதையைச் சடங்கில் பாடக் கேட்கும் காரைதீவிலேயே 1892ல் விபுலாநந்த அடிகள் பிறந்தார். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் கற்றவர். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். அவர் 1947ல் தந்த யாழ் நூல் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை அடியாகக் கொண்டு எழுந்தது. ஊர்க் கண்ணகியை அவர் கல்லூரி வாசலில் விட்டுவிட்டு வரவில்லை.

திருச்சபையும் இவ்விடயத்தில் நடந்து நடந்தே வழி கண்டது. சீனக் கத்தோலிக்கர் தம் முன்னோருக்குச் செய்த மரியாதைச் சடங்குகளை 1742ல் பாப்பரசர் 14ம் ஆசீர்வாதப்பர் தடைசெய்தார். 1939ல் 12ம் பத்திநாதரின் காலத்தில் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள்! இடையில் எத்தனை குடும்பங்கள் தாய் தந்தையரின் சமாதிக்கும் பூசைக்கும் நடுவே கிழிபட்டனவோ, ஆண்டவருக்கே வெளிச்சம். 1965ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாய் உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று கற்பித்தது. அப்படிச் சொல்லும்போதே கிறிஸ்துவை அறிவிக்கும் கடமையையும் அது விடவில்லை. 1967ல் 6ம் சின்னப்பர் ஆபிரிக்காவுக்கு விடுத்த மடலில் அம்மக்களின் மரபில் உள்ள இறை உணர்வையும் குடும்பப் பற்றையும் போற்றினார். 1986ல் அசிசி நகரில் 2ம் அருளப்பர் சின்னப்பர் சமாதானத்துக்காகக் கூட்டிய செப நாளில் ஆபிரிக்க மரபுச் சமயத்தவரும் வந்திருந்தனர். சயீர் நாட்டுக்கென 1988ல் அங்கீகரிக்கப்பட்ட பூசை முறையில் புனிதர்களோடு, நேரிய உள்ளத்தோடு வாழ்ந்து மறைந்த முன்னோரும் நினைக்கப்படுகின்றனர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முன்னோருக்குப் பயந்து, அவர்கள் சினந்தால் பிள்ளை சாகும் என்று நடுங்கிச் செய்யும் காரியத்தைத் திருச்சபை எடுத்துக்கொள்ளவில்லை. அன்பையும் நினைவையும் எடுத்துக்கொண்டது. எனவே பாட்டியாருக்கு என் பதிலின் முதற் பாதி கிடைத்துவிட்டது. வேப்பிலையில் பாவம் இல்லை. நோயுள்ள வீடென்று ஊருக்கு அறிவிக்க அதைவிட நல்ல பலகை இல்லை. அயலவளின் தீர்த்தம் அவளுடைய அன்பு. ஆனால், "தெய்வம் சினந்தது, அதனால் பிள்ளைக்கு வருத்தம்" என்ற பயம் உள்ளே இருக்குமானால், அங்கே கிறிஸ்தவன் கூடப் போக முடியாது. எமது பிதா சினத்தால் குழந்தைக்குக் கொப்புளம் போடுகிறவர் அல்லர் என்பது எமது விசுவாசம். இதே உரைகல்லில் அந்தோனியார் பாணையும் உரைத்துப் பார்க்க வேண்டும். "இந்தக் கிழமை பாண் கொடுக்காவிட்டால் அந்தோனியார் எதையாவது செய்துவிடுவார்" என்று சொல்லும் கத்தோலிக்கர் எம்மில் இல்லையா? அந்தப் பாணும் பயத்தில் சுட்ட பாண்தான்.

இங்கே பேர்த்தியின் பக்கமும் நியாயம் உண்டு. எச்சமயத்திலும் காலத்துக்குக் காலம் கழுவித் துடைக்கும் வேலை வேண்டியதே. தாயத்துக் கட்டிப் பணம் பறிப்போரும், மருந்தை மறுத்து மந்திரத்தை நம்பிப் பிள்ளையைப் பறிகொடுப்போரும் மரபின் நிழலிலேயே ஒதுங்குகின்றனர். இன்றோ எல்லாச் சமயத்திலும் இந்தத் துப்புரவு வேகமாக நடக்கிறது. கப்புகனார் செய்த சடங்கின் இடத்தில் ஆகமப் பூசை வருகிறது. கொடியும் கந்தூரியும் மார்க்கத்தில் இல்லை என்கின்றனர் முஸ்லிம்களில் ஒரு சாரார். புதிதாக வந்த சபையார் எமது மாதா சுரூபத்தைச் சிலை என்கின்றனர். கல்வியும், வெளிநாட்டு வேலையும், அச்சும் வானொலியும் மக்களைத் தத்தம் சமயத்தின் தலைமையிடங்களோடு நெருக்கிவிட்டன, அயல்வீடு தூரமாயிற்று. நாகூர்த் தர்காவில் மிக உயர்ந்த கோபுரத்தைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சாவூரின் மராட்டிய அரசர் பிரதாப சிங் என்றால், இன்றைய பிள்ளைகள் ஏனென்று கேட்பார்கள்.

துப்புரவு வெறுப்பாக மாறும் இடம் எது? அதை இக்கரையோரம் கண்டது. 2017 பங்குனியில் காத்தான்குடியில் சஹ்ரானின் கூட்டத்தார் கத்தியும் கம்புமாய் மோதியது சூபி வழியைப் பின்பற்றிய முஸ்லிம்களோடு. தம் சொந்த மார்க்கத்தவரின் பழைய வழிபாட்டை அவர்கள் முதலில் இகழ்ந்தனர். இரண்டு ஆண்டுகளின் பின், 2019 சித்திரை 21ல், உயிர்ப்புப் பெருநாளன்று அவர்கள் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்கும், கட்டுவப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்துக்கும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கும், கொழும்பு ஹோட்டல்களுக்கும் குண்டோடு போயினர். 260க்கும் அதிகமானோர் மாண்டனர். கொச்சிக்கடை எப்படிப்பட்ட இடம் என்பது வாசகர் அறிந்ததே. செவ்வாய்க்கிழமைகளில் சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் நேர்த்தியோடு வந்து நிற்கும் இடம் அது. ஐந்து நாட்களின் பின் சாய்ந்தமருதில் ஒரு வீட்டைப் படையினர் சூழ்ந்தபோது, உள்ளிருந்தோர் குண்டை வெடிக்கவைத்தனர். பதினைந்து பேர் இறந்தனர். அவர்களுள் ஆறு பேர் குழந்தைகள். அந்த வீட்டாரைப் பற்றிச் சந்தேகம் கொண்டு தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. அதை அக்காலத்தில் எமது வீடுகளில் எத்தனை பேர் சொல்லிக்கொண்டோம்?

இப்படிச் சொல்வதால் பழைய மரபு எம்மைக் காத்தது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. 1990 ஆவணி 3ல் காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே மாதம் 12ல் வீரமுனையில் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். ஒரே தமிழும், ஒரே குடிமுறையும், ஒருவர் சோற்றை ஒருவர் உண்ட உறவும் அன்று குறுக்கே வந்து நிற்கவில்லை. புதிய விசுவாசம் காக்குமோ என்றால் அதுவும் இல்லை. ருவண்டா நாட்டில் அக்காலத்தில் மக்களுள் பெரும்பான்மையினர் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கராய் இருந்தனர். அங்கே 1994ல் நூறு நாட்களுக்குள் சுமார் 8 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். தஞ்சம் என்று ஓடிவந்த ஆயிரக்கணக்கானோர் ந்தறாமாவிலும் நியறுபூயேயிலும் ஆலயங்களுக்குள்ளேயே வெட்டுண்டனர். 2017ல் பாப்பரசர் பிரான்சிஸ், திருச்சபையினதும் அதன் மக்களினதும் பாவங்களுக்காக மன்னிப்பு வேண்டினார். அந்நாட்டின் சிறுபான்மையினரான முஸ்லிம்களில் பலர் அன்று உயிருக்கு அஞ்சி வந்தோரை ஒளித்துக் காத்தனர் என்பதும் வரலாறு. நாம் எம் புனிதரை எடுத்துப் பிறருடைய பாவியோடு ஒப்பிட்டுப் பழகியவர்கள். ருவண்டாவை வைத்து ஒப்பிட எமக்கு வாய் வராது.

அப்படியானால் எதை வைத்து ஒப்பிடுவது? எனக்கு வழிகாட்டியது ஞாயிறு வகுப்பில் நூறு தடவை சொல்லிக்கொடுத்த உவமைதான். நூறு தடவை சொல்லியும் ஒன்றைக் கவனியாமல் விட்டிருந்தேன். சமாரியர் யார்? யூதரின் கண்ணில் கலப்புச் சமயத்தார். அசீரியர் கொண்டுவந்து குடியேற்றிய மக்கள் ஆண்டவரையும் வணங்கினர், தத்தம் தெய்வங்களையும் வணங்கினர் என்று அரசர்களின் ஆகமம் சொல்கிறது. அன்றைய அட்டவணையில் கடைசிப் பக்கத்தில் இருந்தவர்கள் அவர்கள். சிக்கார் ஊர்க் கிணற்றடியில் அந்தச் சமாரியப் பெண்ணோடு பேசும்போது ஆண்டவர் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லவில்லை. மீட்பு யூதரிடமிருந்தே வருகிறது என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஆனால் அயலான் யாரென்று சட்டவல்லுநன் கேட்டபோது, சரியான கோவிலில் பணிசெய்த குருவையும் லேவியனையும் வழியோடு போகவிட்டு, அந்தக் கலப்புச் சமயத்தானைக் கழுதையிலிருந்து இறக்கினார். எண்ணெயும் திராட்சை இரசமும் அவன் கையில்தான் இருந்தன. எவன் அயலான் என்று ஆண்டவர் திருப்பிக் கேட்டபோது சட்டவல்லுநனுக்குச் 'சமாரியன்' என்று சொல்ல நா எழவில்லை. இரக்கம் காட்டினவன் என்று மட்டும் சொல்லிச் சமாளித்தான். சத்தியம் எது என்பதில் ஆண்டவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும் அந்தச் சத்தியத்தைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அவர் நற்சான்று எழுதிக்கொடுக்கவும் இல்லை.

2004 மார்கழி 26ல் கடல் எழுந்து வந்தபோது, இம்மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் போயினர். அன்று எல்லாருமே சமாரியர் ஆனோம். இதை இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். அடித்தது கடல் என்பதால் அது எளிதாயிற்று. அடித்தது மனிதனாகி, அவன் ஏதோ ஒரு சமயத்தின் பெயரையும் சொன்னானானால், அந்தச் சமயத்தவரின் கடையில் மறுநாள் சாமான் வாங்கினோமா என்பதே கேள்வி. 2019 சித்திரையில் நான் வாங்கவில்லை. இரண்டு கிழமை வேறு கடைக்குச் சுற்றிப் போனேன். அந்தக் கடைக்காரக் காக்கா பிறகு என்னைக் கண்டபோது ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல விலையைக் குறைத்துப் போட்டார்.

இவ்வளவையும் கடந்த ஞாயிறு அந்தப் பேர்த்தியிடம் சொன்னேன். எறிந்த வேப்பிலையைத் திரும்பக் கட்டியவர் பாட்டியார். பிள்ளைக்கு இப்போது சுகம். செவ்வாயன்று நேர்ந்த பாணில் ஒன்று அயல்வீட்டுச் சைவ அம்மாவுக்கும் போயிருக்கிறது. பேர்த்தி பாட்டியாரிடம் மன்னிப்புக் கேட்டாள். ஆனால் என்னோடு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "இரக்கம் எங்கும் இருக்குமெண்டால், நான் ஏன் சேர் இந்த வகுப்புக்கு வாறன்?" என்று கேட்டாள். வகுப்பு முடியும் மணி அடித்துவிட்டது. அடுத்த ஞாயிறு அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன்.