பூங்காவிலிருந்து ஒரு கிளை

வசந்தம் என்பது சென்னைக்கு இரவல் சொல். நமக்குள்ளது பங்குனிக் கடைசியில் புங்கமும் அரசும் துளிர்க்கிற சில நாட்கள். பிறகு சரக்கொன்றை, கத்திரி வெயில். அந்த நாட்களில் மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவிலும் கதீட்ரல் சாலைச் செம்மொழிப் பூங்காவிலும் ஒரு தனி ரகப் பார்வையாளர்களைக் காண்கிறேன். செடி முன் குனிந்து நின்று, இலையைத் திருப்பி, தம் பால்கனியின் நீள அகலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்கள்.

இந்தப் பார்வையை மட்டமாகக் கருதுவது கலை பற்றிப் பேசுகிறவர்களின் வழக்கம். அழகு பற்றிய தீர்ப்பில் பொருளின் மீதான நாட்டத்துக்கு இடமில்லை என்று கான்ட் 1790-ல் எழுதினார்; அவரைப் படிக்காதவர்களும் அப்படியே நம்புகிறார்கள். வீட்டுக்கு எது ஆகும் என்று பார்ப்பவன் பூவைப் பார்ப்பதில்லை, தன் சுவரைத்தான் பார்க்கிறான் என்பது குற்றச்சாட்டு. எனக்கு இதில் சம்மதமில்லை. ரசிகன் 'பசுமை' என்ற ஒரே சொல்லோடு பூங்காவைக் கடந்துவிடுகிறான். (நம் கவிதைகளில் பெயர் தெரியாத மரங்கள் பெருத்துவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.) ஆசைப்படுகிறவனோ, நந்தியாவட்டைக்கு எவ்வளவு வெயில், எந்த நிழலில் எது மெலிகிறது என்று கவனிக்கிறான். தோட்டக்காரரை விசாரிக்கிறான். செடியின் தேவை அவன் பிரக்ஞைக்குள் வந்துவிடுகிறது.

சங்கடம் அடுத்த கணத்தில். கை நீள்கிறது, குரோட்டன்ஸிலோ செம்பருத்தியிலோ ஒரு சாண் கிளை ஒடிந்து பைக்குள் போகிறது. எல்லோரும் ஒடித்தால் என்ன ஆகும்? இங்கே கான்ட் ஜெயித்துவிடுகிறார். ஆனால் விடியற்காலையில் பூக்குடலையும் கொக்கிக் கோலுமாக வந்து பூஜைக்குப் பறிப்பவரை யாரும் திருடர் என்பதில்லை. அவர் பறித்தது மாலைக்குள் வாடும். இவர் ஒடித்தது வேர் பிடித்தால் இன்னொரு செடி. முன்னதை மன்னித்துப் பின்னதைச் சந்தேகிக்கிறோம்.

செடி கைமாறுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. கதீட்ரல் சாலையில் இயங்கிவந்த வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-லிருந்து அதையே வேலையாகக் கொண்ட ஸ்தாபனம். நம் தெருக்களின் குல்மொகர் மடகாஸ்கர் மரம். தூங்குமூஞ்சி அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்தது. 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தபோது கட்டிய வீடுகளுக்குத் தோட்டம் இருந்தது. நித்தியமல்லி சுவர் தாண்டித் தெருவில் தொங்கியது. பதியன் வேண்டுமென்றால் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்க வேண்டும். கேட்டதால் ஒரு கடன் ஏற்பட்டது; பிறகு நம்மிடம் கேட்பவருக்கு இல்லை என்று சொல்ல முடியாது. அந்த வீடுகளில் பெரும்பாலானவை அடுக்ககங்களாகிவிட்டன. சுவரும் போயிற்று, கேட்பதும் போயிற்று.

ஒடித்த கிளையில் என்னை உறுத்துவது இதுதான். பூங்காவுக்கு நஷ்டம் சொற்பம். கவாத்து செய்த நாளில் அதே கிளைகள் வண்டி வண்டியாகக் குப்பைக்குப் போகின்றன. தோட்டக்காரரைக் கேட்டால் குவியலிலிருந்து எடுத்துக் கொடுப்பார். கேட்காமல் வந்த செடி மூன்றாம் மாடியில் யார் கண்ணிலும் படாமல், யாருக்கும் கடன்படாமல் வளர்கிறது.

அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்தடியில் இந்தப் பிரச்சினை எழாது என்று நினைத்திருந்தேன். 1882-ல் சபை அந்த இடத்தை வாங்கும்போதே கிழமரம் அது. 1989-ல் புயலில் தாய்மரம் சாய்ந்துவிட, இன்று விழுதுகளே மரமாக நிற்கின்றன. அங்கும் ஒருவர் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தார். போன்சாய்க்காம். காக்கையும் அதைத்தான் செய்கிறது. எச்சத்தோடு விழுந்த விதை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் முளைக்கிறது. சுவர் வெடிக்குமுன் பிடுங்க ஆள் கூப்பிடுகிறோம்.