யாரைக் கூப்பிடுகிறோம்?

காட்பாடியை அடுத்த வள்ளிமலையில் குகைக் கோயிலுக்குப் படியேறும்போதெல்லாம், தினைப்புனத்துப் பரண்மேல் நின்று ஆலோலம் சொல்லிக் கிளி ஓட்டிய வள்ளியை நினைத்துக்கொள்வேன். அந்தக் குரலுக்கு மேடை ஏது, சபை ஏது? ஆனாலும் அவளைத் தேடி முருகனே வந்தான் என்கிறது இந்த மலையின் கதை.

இதே மலையில் தவமிருந்தவர் சச்சிதானந்த சுவாமிகள் (1870–1950). மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர். ஏட்டுப் படிப்பு அதிகமில்லை. பழனியில் ஒரு நடன மாது அருணகிரிநாதரின் திருப்புகழைப் பாடி அபிநயித்ததைக் கண்டு உருகிப்போனார் என்று அவர் வரலாறு சொல்கிறது. அன்றுமுதல் திருப்புகழே அவருக்கு மந்திரம். ஒரு பாட்டின் பாவம், முகத்திலும் கையிலும் வெளிப்பட்ட அந்த உணர்வு, ஒரு மனிதரின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

திருப்புகழில் பெரும்பாலான பாடல்கள் ‘பெருமாளே’ என்ற விளியில்தான் முடிகின்றன. அருணகிரிநாதர் முருகனை எதிரில் நிறுத்திப் பேசுகிறார். சந்தம் பிசகக்கூடாதே என்பதிலேயே நம் கவனம் முழுதும் போய்விட்டால், அந்த விளி யாரிடமும் போய்ச் சேராது. பாவம் எங்கே பிறக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். மனதாரக் கூப்பிடுகிறவர் முகம் தானாக மலரும். கை எழ வேண்டிய இடத்தில் எழும். கண்ணாடி முன் பழகிய பாவனை அவ்வளவு தூரம் வராது.

சுவாமிகள் தொடங்கிவைத்த திருத்தணிப் படிவிழா டிசம்பர் 31 அன்று நடக்கிறது. படிக்கொரு திருப்புகழ். பாடுகிறவர்கள் மலையை நோக்கிப் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். கூட்டம் பின்னால் வருகிறது. கூட்டத்துக்கு முகம் காட்டாத அந்தப் பாட்டில்தான் கேட்பவர் நெஞ்சு இளகுகிறது.

மனம் கூப்பிட்டாலும் சில சமயம் உடம்பு ஒத்துழைக்காது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் மெஷின்மேல் குனிந்திருந்துவிட்டு, சாயங்காலம் பஜனைக்கு வரும் பெண்களுக்குத் தோளும் மார்பும் ஒடுங்கியிருக்கும். பார்ப்பவர்கள் அதைச் சபைக்கூச்சம் என்று எண்ணிவிடுகிறார்கள். அது உழைத்த உடம்பின் அலுப்பு. பாடுமுன் நிமிர்ந்து நின்று, வயிறு நிறைய நாலு மூச்சு இழுத்து விடுங்கள், அம்மா. தோள் தளரும்வரை தொடங்க வேண்டாம், சபை காத்திருக்கும்.

அடுத்த கிருத்திகைக்கு ஒரே ஒரு பாடல் போதும். சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடைசி விளி வரும்போது கண்ணை மூடிக்கொள்ளாமல், சந்நிதியைப் பார்த்துக் கூப்பிடுங்கள்.