சோற்றுக்கற்றாழையும் இல்லறத்தார் அறமும்

அறங்கள் அனைத்திற்கும் கொல்லாமையே தலையாயது என்பதில் நமக்குள் ஐயமில்லை. அவ்வறத்தை அடுக்களையிலும் முற்றத்திலும் கடைப்பிடிக்க முற்படும்போதுதான் நுட்பமான வினாக்கள் எழுகின்றன. அவற்றுள் ஒன்றை நம் இல்லத்துப் பெண்மக்கள் பலர் இந்நாளில் கேட்கின்றனர். "கிழங்குகளை விலக்கும் நாம் சோற்றுக்கற்றாழையை வளர்க்கலாமா? அதன் மடலை அரிந்து பயன்படுத்தலாமா?" என்பதே அவ்வினா. கற்றாழைச் சாறு இன்று புட்டிகளில் அடைத்து விற்கப்படுகிறது. மாடிதோறும் தொட்டிகளில் கற்றாழை வளர்கிறது. ஆதலின் இவ்வினாவைச் சிறிதென்று தள்ளிவிடுவதற்கில்லை.

இதற்குச் சிலர் எளிதான விடை ஒன்றைக் கூறுவர். "மடலை அரிந்தால் செடி மடிவதில்லை, நடுவிலிருந்து புது மடல் வருகிறது. கன்றைப் பெயர்த்தால் தாய்ச்செடி வாடுவதில்லை. மீண்டும் துளிர்ப்பதை அரிவதில் ஹிம்சை எங்கே உள்ளது?" என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு இனிய வாதம்தான். ஆனால் நம் ஆகமம் காட்டும் திசைக்கு இது நேர் எதிரானது.

செடி கொடிகள் தொடுபுலன் ஒன்றே உடைய ஓரறிவுயிர்கள். தொல்காப்பிய மரபியலும் அவற்றை அவ்வாறே வகைப்படுத்துகிறது. ஜைன ஆசாரியர்கள் மேலும் நுணுகி ஆராய்ந்தனர். ஓருடலில் ஓருயிர் உறையும் தாவரம் பிரத்தியேகம். ஓருடலையே அளவிறந்த உயிர்கள் பொதுவில் கொண்டு வாழ்வது சாதாரணம். பிரத்தியேகத்திலும், எண்ணிறந்த நிகோத உயிர்களுக்கு இடமளித்து நிற்பன உண்டு. இவற்றை இல்லறத்தார் எங்ஙனம் அறிவது? பத்தாம் நூற்றாண்டினரான நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி கோம்மடசாரத்தில் அதற்குரிய அடையாளங்களைத் தொகுத்துள்ளார். நரம்பும் கணுவும் வெளித்தோன்றாமை, முறித்தால் நாரின்றிச் சமமாக முறிதல், வெட்டியபின்னும் வளர்தல் என்பன அவற்றுள் சில.

இறுதியாகக் கூறிய அடையாளத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். "மீண்டும் வளர்கிறது, ஆகவே தீங்கில்லை" என்கிறோம் நாம். "மீண்டும் வளர்கிறது, ஆகவே அங்கு உயிர் மிகுதி, கை வைக்குமுன் நில்" என்கிறார் ஆசாரியர். காணும் உண்மை ஒன்றே. அதிலிருந்து பெறும் முடிவோ முற்றிலும் வேறு.

கற்றாழையின் இயல்பு இதற்குப் பொருந்தி வருகிறது. அரிந்த மடலை மட்டும் மண்ணில் நட்டால் அது பெரும்பாலும் அழுகிவிடும். அடித்தண்டும் பக்கக் கன்றுகளுமோ எளிதில் வேர்விடும். வேரோடு பிடுங்கி வெயிலில் போட்டாலும், மடல்களில் தேக்கிய நீரைக்கொண்டு அச்செடி பல நாள் உயிர் தாங்கும். என்றும் இளமை மாறாதது என்பதாலேயே அதற்குக் குமரி என்று பெயர் வழங்கிற்று. சுவேதாம்பர மரபில் விலக்கப்பட்ட முப்பத்திரண்டு அனந்தகாயங்களின் பட்டியலிலும் குமரி இடம்பெற்றுள்ளது.

அங்ஙனமாயின் கற்றாழையைத் தொடவே கூடாதோ எனின், அதுவும் இல்லறத்தார்க்குரிய முடிவன்று. முனிவரின் மகாவிரதம் வேறு. இல்லறத்தாரின் அணுவிரதம் வேறு. இரண்டறிவு முதலாக இயங்கும் உயிர்களைக் கருதிக் கொல்லாமை நமக்கு விதிக்கப்பட்டது. ஓரறிவுயிர்களைப் பொறுத்தவரை, தேவைக்கு மேல் துன்புறுத்தாமை விதிக்கப்பட்டது. சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அனர்த்ததண்ட விரதத்தை விளக்குகையில், பயனின்றி நிலத்தை அகழ்தலையும், நீரைச் சிந்துதலையும், செடியை அறுத்தலையும் குற்றமென்றே எண்ணுகிறார். அந்நூலின் கருத்தைத் தழுவிய அருங்கலச்செப்பு நம் தமிழிலேயே உள்ளது. ஆதலின் "அரியலாமா?" என்பதைவிட "எதற்காக அரிகிறோம்?" என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

இவ்வினாவை மூன்று செயல்கள்மேல் வைத்துப் பார்ப்போம். அடுப்படியில் கை சுட்டுக்கொண்ட குழந்தைக்கு, தண்ணீரால் சூடு தணித்தபின், ஒரு மடலின் பாதியை அரிந்து அதன் சோற்றைத் தடவுகிறாள் ஒரு தாய். அங்கே தேவை உண்டு, அளவும் உண்டு. மற்றொருவர் அழகுக்கென்று நாள்தோறும் மடல் அரிந்து, பாதியைப் பூசி மீதியைக் குப்பையில் எறிகிறார். அங்கே அளவு தவறியது. இன்னொருவர் கண்ணேறு கழியுமென்று முழுச்செடியையும் பிடுங்கி, வேர் மேலாக வாயிற்படியில் தலைகீழாகத் தொங்கவிடுகிறார். அச்செடியோ சாகவும் இயலாமல், வேரூன்றவும் இயலாமல் மாதக்கணக்கில் வாடுகிறது. இதனை நம் நூல்கள் லோகமூடம் என்னும். நற்காட்சி உடைய இல்லத்தின் வாயிலில் இதற்கு இடமிருத்தலாகாது.

உண்ணும் வகையில் அடியேன் கருத்து இது: கிழங்கையும் பச்சை இஞ்சியையும் விலக்கும் விரதம் ஏற்றவர், அதே காரணம் பற்றிக் கற்றாழைச் சாற்றையும் அன்றாடப் பானமாகக் கொள்ளாதிருத்தலே முறை. மருந்தாக வேண்டுமெனின் மருத்துவரைக் கேட்டுக் கொள்ளுதல் நலம். ஏனெனில், தோலை ஒட்டிக் கசியும் மஞ்சள் நிறப் பால் கடும்பேதி உண்டாக்குவது; கருவுற்ற பெண்கள் அதனை உட்கொள்ளலாகாது. மேற்பூச்சுக்கு அரிந்தாலும், மடலைச் சிறிதுநேரம் நிமிர்த்தி வைத்து அப்பாலை வடியவிட்ட பின்னரே சோற்றை எடுக்கவேண்டும்.

இனி, வளர்க்கும் முறையைக் கூறுவேன். மடலை அரிவது பற்றிக் கவலையுறும் நாம், தொட்டியின் மண்ணில் வாழும் உயிர்களை மறந்துவிடுகிறோம். மண்புழு ஈரறிவுடையது, எறும்பு மூவறிவுடையது, கொசு நாலறிவுடையது. அணுவிரதம் நேராகக் காக்கச் சொல்வது இவற்றையே.

அடியில் துளையுள்ள மண்தொட்டியில், செம்மண்ணும் மணலும் சிறிது மக்கிய சாணமும் கலந்து நிரப்புக. கற்றாழை வறண்ட நிலத்துச் செடி. இலைத்துளைகளை இரவில் திறந்து பகலில் மூடி ஈரத்தைச் சேமிப்பது. ஆதலின் மேல்மண் நன்றாக உலர்ந்த பின்னரே நீர் விடுக. கோடையில் வாரம் ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வாரத்தில் ஒதுக்கி வைத்தால் நீரே வேண்டா. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். நின்ற நீரில் கொசு முட்டையிட்டபின், அந்நீரைக் கொட்டினாலும் தீங்கு, விட்டாலும் தீங்கு. வெளிச்சமும் காற்றும் படுமாறு இடம்விட்டு வைத்தால் மாவுப்பூச்சி எளிதில் அண்டாது. வந்தபின் நஞ்சு தெளிப்பதைவிட, வாராமல் காப்பதே நம் நெறிக்கு உகந்தது.

கன்று பிரிப்பதற்குத் தை, மாசி மாதங்கள் ஏற்றவை. நான்கைந்து மடல் விட்டுத் தனக்கென வேரும் ஊன்றிய கன்றையே பிரிக்கவேண்டும். பகல் வெளிச்சத்தில், மண்ணைக் கையால் மெல்ல விலக்கிச் செய்க. மண்புழு தென்பட்டால் ஈரமுள்ள வேறு மண்ணில் விட்டுவிடுக. இருட்டிய பின் உண்ணாமைக்கு நாம் கூறும் காரணம் இதற்கும் பொருந்தும். பிரித்த கன்றை இரண்டு, மூன்று நாள் நிழலில் வைத்து, காயம் உலர்ந்தபின் நட்டு, மேலும் சில நாள் கழித்தே நீர் வார்க்கவேண்டும். மடல் தேவையெனின், முதிர்ந்த செடியின் அடிவரிசையில் ஒன்றை மட்டும் எடுத்தல் போதும். மிகுந்த கன்றுகளைப் பேணுவார்க்கே கொடுங்கள். அதுவும் ஒருவகையில் ஔடத தானமே.

இக்கருத்து செடியோடு நின்றுவிடுவதன்று. நம் குடும்பங்களிலும் குமரிகள் உண்டு. எவ்வளவு வேலை சுமத்தினாலும் முகஞ்சுளிக்காத மருமகள், எத்தனை முறை கேட்டாலும் இல்லையென்னாத மூத்த மகன், ஊதியம் தாமதித்தாலும் மறுநாள் தவறாது வரும் பணிப்பெண் ஆகியோர்தாம் அவர்கள். முரண்டு பிடிப்பவரிடம் நாம் அஞ்சி அளவோடு கேட்கிறோம். தாங்குபவரிடமே மேலும் மேலும் எடுக்கிறோம். "அவளுக்கு ஒன்றுமில்லை, தாங்கிக்கொள்வாள்" என்னும் சொல்லும், "மறுபடி துளிர்க்கும்" என்னும் சொல்லும் ஒரே கத்தியின் இரு முனைகள். ஒருவர் தாங்குவது அவருடைய ஆற்றல். அதை நம் உரிமையென்று எண்ணுவதில்தான் ஹிம்சை தொடங்குகிறது.

ஆதலின் கற்றாழை நம் முற்றத்தில் வளரட்டும். அரியுமுன் ஒரு கணம் நின்று, தேவை எவ்வளவு என்று எண்ணும் பழக்கத்தை நம் குழந்தைகளுக்கு அது கற்பிக்கட்டும். ஓரறிவுயிரிடம் அளவு காக்கப் பழகிய கை, ஆறறிவுடையாரிடமும் அளவு காக்கும்.

அறம் வளர்க!