நாவும் நோன்பும்

மானிடப் பிறவி கிடைத்தற்கு அரியது என்பது சைவ மக்களாகிய எமது உறுதியான நம்பிக்கை. அப்பிறவியில் உயிருக்குத் துணையாக இறைவன் தந்த கருவியே இவ்வுடம்பு. வழிபாடு செய்வதும், தொண்டு புரிவதும், பெற்ற பிள்ளைகளைக் கரைசேர்ப்பதும் இவ்வுடம்பைக் கொண்டுதான். ஆகவே உடம்பைப் பேணுதல் ஆன்மிகத்துக்குப் புறம்பான காரியம் என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது.

இன்று வைத்தியரிடம் சென்று திரும்பும் எம்மவர் பலர் கேட்டு வரும் அறிவுரை "உடல் நிறையைக் குறையுங்கள்" என்பதாகும். சொல்வது எளிது. பின்னேரம் நான்கு மணிக்குத் தேநீரோடு ஒரு வடையை மனம் கேட்கும்போது என்ன செய்வது? அந்த ஆசை பாவமா? மனவுறுதி இல்லாமையா? அல்லது உடம்பின் இயல்பா? அதனோடு போரிட வேண்டுமா, அன்றி அதற்கு ஓர் எல்லை வகுக்க வேண்டுமா? இவை கோயிலை நாடிவரும் அடியார்கள் சிந்திக்க வேண்டிய வினாக்கள். ஏனெனில், விரதம் என்ற பெயரில் பல தலைமுறைகளாக இவற்றோடு பழகி வந்தவர்கள் நாம்.

ஊரும் கொழும்பும்

எமது ஊரில் பிறந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறிய குடும்பங்கள் பல. ஊரிலே எமது முன்னோர் துலா மிதித்தனர், தோட்டம் கொத்தினர், துவிச்சக்கர வண்டியில் சந்தைக்குச் சென்றனர். சாப்பாட்டுக் கோப்பை நிறையக் குத்தரிசிச் சோறு உண்டாலும் பொழுது சாய்வதற்குள் உடம்பு அதனைச் செலவிட்டுவிடும். கொழும்பில் வாழ்வது தொடர்மாடி வீட்டில். ஏறி இறங்க மின்தூக்கி உண்டு. வாசலுக்கே முச்சக்கர வண்டி வருகிறது. வேலையும் கதிரையில் இருந்தபடிதான். உழைப்புச் சுருங்கியது; கோப்பை சுருங்கவில்லை. போதாக்குறைக்குக் காலி வீதியில் கால் வைத்தால் ரோல்ஸ், கட்லட், பற்றிஸ் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து அழைக்கின்றன. இரவானால் கொத்துரொட்டியின் ஓசை வீதியின் மறுகரை வரை கேட்கிறது.

தேநீரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம். கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் நாளொன்றுக்கு நான்கு முறை தேநீர் அருந்துபவர், வேறு எந்த இனிப்பையும் தொடாமலே 32 கிராம் சீனி உட்கொண்டுவிடுகிறார். வளர்ந்தவர் ஒருவர் இவ்வாறு சேர்க்கும் சீனியை 25 கிராம் அளவுக்குள் நிறுத்துவது மேலும் நன்று என்பது உலக சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலின் கருத்து. இலங்கையில் 2005-2006 காலப்பகுதியில் நடந்த தேசிய ஆய்வு, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவு உடையவர் எனக் கண்டது. நகரத்தில் அந்த அளவு கிராமத்தைவிட அதிகமாக இருந்தது. காலில் ஆறாத புண், மங்கிய பார்வை, பழுதுபட்ட சிறுநீரகம் என்று இந்நோய் எத்தனை வீடுகளை வருத்துகிறது என்பதை நாம் அறிவோம்.

ஆசையின் இயல்பு

உணவு ஆசை வருவது குற்றமன்று. 1999 ஆம் ஆண்டில் யப்பானிய விஞ்ஞானிகள் "கிரெலின்" என்னும் சுரப்பைக் கண்டறிந்தனர். இரைப்பையில் சுரந்து மூளைக்குப் பசியை அறிவிப்பது இது. நாம் வழக்கமாக உண்ணும் நேரம் நெருங்கும்போது இது கூடுகிறது. உண்ணாது விட்டாலும் சற்று நேரத்தில் தானாகவே தணிகிறது. நான்கு மணிக்கு வடை கேட்பது பெரும்பாலும் நாம் பழக்கிய பழக்கத்தின் குரலே. கோயில் மணி ஓய்வதைப் போல அதுவும் ஓய்ந்துவிடும் என்று அறிந்தவருக்குக் காத்திருப்பது சற்று எளிதாகும்.

இதன் மறுபுறத்தையும் அறிய வேண்டும். 1944-45 ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்னும் ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதங்கள் அரைவயிற்று உணவு கொடுத்து ஆராய்ந்தார். போரினால் பட்டினி கிடந்த மக்களை எவ்வாறு மீண்டும் ஊட்டித் தேற்றுவது என்று அறிவதே நோக்கம். அவ்விளைஞர்கள் மனச்சாட்சியின்படி போருக்குச் செல்ல மறுத்து, இவ்வாய்வுக்குத் தாமாக முன்வந்தவர்கள். கொள்கையில் அவ்வளவு உறுதி உடையவர்களும் சில வாரங்களில் இரவும் பகலும் உணவையே நினைக்கலாயினர். சிலர் சமையற் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தனர். ஆய்வு முடிந்த பின் பலர் வயிறு கொள்ளாத அளவுக்கு உண்டனர். உடம்பை ஒரேயடியாக ஒறுத்தால் ஆசை அடங்காது; வளரும் என்பதற்கு இது சான்று. பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம் மிகையாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கூடாது என்று இருவரையும் சேர்த்தே சொல்வது இங்கு நினைக்கத்தக்கது.

சுவை குற்றமா?

1927 ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைக்கு வந்த மகாத்மா காந்தி, தமது ஆச்சிரமத்தாருக்கு வகுத்த நோன்புகளுள் நாவை அடக்குதலையும் ஒன்றாக வைத்தார். மருந்தைச் சுவைக்காக உண்பதில்லை. அளவு பார்த்தே உண்கிறோம். உணவையும் அப்படியே கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. துறவு மனம் படைத்தோருக்கு அது பொருந்தும். ஆனால் பிள்ளையாருக்கு மோதகமும் முருகனுக்குப் பஞ்சாமிர்தமும் படைத்து மகிழும் இல்லறத்தார் சுவையையே பகை என்று கொள்ள முடியுமா? முடியாது, கொள்ளவும் வேண்டியதில்லை. சுவையை அறிவது குற்றமன்று. அதற்கு அடிமையாகி, வேண்டாம் என்று சொல்லும் ஆற்றலை இழப்பதே கேடு.

இவ்விடத்தில் நல்லூர் ஆறுமுக நாவலர் சைவவினாவிடையில் விரதத்துக்குத் தந்த விளக்கம் எமக்குக் கைகொடுக்கிறது. மனம் புலன்களின் வழியே ஓடாது நிற்பதே விரதத்தின் பயன் என்கிறார் அவர். உணவை முற்றாக விடுவதை மட்டுமல்ல, குறைத்துக்கொள்வதையும் விரதமாகவே ஏற்கிறார். அதனோடு மெய்யன்பான வழிபாடும் சேர வேண்டும். இதன்படி நோக்கினால், வழக்கமான மூன்று அகப்பைச் சோற்றை இரண்டாக்கிக் கொள்பவரும் இறைவனை நினைந்து செய்தால் ஒரு விரதத்தையே காக்கிறார். மாறாக, பகல் முழுவதும் பட்டினி கிடந்து, பாரணை நாளில் பொரியலும் அப்பளமும் வடையும் பாயசமுமாக இருமடங்கு உண்டால் வயிறு பட்டினி கிடந்ததே தவிர மனம் நோன்பு நோற்கவில்லை.

விரதத்தின் இன்னொரு நுட்பம், முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட்டிருப்பது. கந்தசஷ்டியின் ஆறு நாட்களும் எதை உண்பது, எப்போது உண்பது என்று முதல் நாளே உறுதி பூணுகிறோம். வடைத் தட்டின் முன் நின்று மனத்தோடு வாதாட வேண்டியதில்லை. நிறை குறைக்க விரும்புவோர் இதனையே நாளாந்தம் கைக்கொள்ளலாம். தேநீருக்கு ஒரு கரண்டிச் சீனி; பலகாரம் வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் ஒன்று; கலியாண வீட்டுக்குப் போகுமுன் வீட்டில் சிறிது மரக்கறி; ஆசை எழுந்தால் கால் மணி நேரம் பொறுத்து, தண்ணீர் அருந்தி, கடற்கரைப் பக்கமோ கோயில் வீதியிலோ ஒரு சுற்று நடை. ஒரு நாள் தவறினால் அடுத்த வேளையே பழைய ஒழுங்குக்குத் திரும்பினால் போதும். நீரிழிவுக்கு ஊசியோ குளிகையோ எடுப்பவர்கள் மட்டும் வைத்தியரைக் கேளாமல் பட்டினி விரதம் இருக்கக் கூடாது. குருதியில் சீனி திடீரெனக் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

உபசாரமும் பிரசாதமும்

நாவை அடக்குவது தனி ஒருவரின் பொறுப்பு மட்டுமா? "ஒரு நாளைக்குச் சாப்பிட்டால் ஒண்டும் செய்யாது, பிள்ளை" என்று சொல்லி இன்னுமோர் அகப்பை வைப்பது எமது அன்பின் வழக்கம். அந்த ஒரு நாள் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, திவசம், திருவிழா என்று வாரந்தோறும் வருகிறது. வேண்டாம் என்பவரை வற்புறுத்துவது விருந்தோம்பல் ஆகாது. அவர் அரும்பாடுபட்டுக் காக்கும் நோன்பை நாம் கலைக்கிறோம்.

வற்புறுத்தல் போன்றதே ஏச்சும். நீரிழிவு உள்ள தாயார், பிள்ளைகள் ஏசுவார்கள் என்று அஞ்சி, இரவில் விளக்குப் போடாமல் சமையலறையில் நின்று மோதகம் உண்ணும் நிலை எம்மவர் வீடுகளில் இல்லாததன்று. அவருக்கு நோயை விடக் கொடியது அந்த வெட்கம். வெட்கம் ஆசையைக் குறைப்பதில்லை, மறைக்கவே கற்றுக்கொடுக்கிறது. "அம்மா, பாதி உங்களுக்கு, பாதி எனக்கு" என்று பகிர்ந்து உண்ணும் பிள்ளையே அவருக்கு உண்மையான துணை.

பிரசாதத்தை மறுப்பது அபசாரம் ஆகாதா என்று சிலர் கலங்குவர். தீர்த்தத்தை ஒரு கை நிறையத்தான் பெறுகிறோம், குவளை கேட்பதில்லை. அவ்வாறே சர்க்கரைப் பொங்கலையும் கண்ணில் ஒற்றி, நுனிவிரல் அளவு உட்கொண்டு, மிகுதியை அருகில் நிற்கும் குழந்தைக்குக் கொடுத்தால் அருள் குறையாது. கோயில் உபயகாரரும் இனிப்போடு அவித்த கடலையையும் பிரசாதமாக வழங்க முன்வந்தால் நோயுற்ற அடியார் பலர் தயக்கமின்றிக் கை நீட்டுவர்.

இவ்வாண்டு மகோற்சவ காலத்தில் ஊர் வரும் அன்பர்கள் கொடியேற்றத்தன்று தமக்கு இயன்ற ஒரு சிறு அளவை இறைவன் திருமுன் உறுதி செய்து, தீர்த்தோற்சவம் வரை காத்துப் பார்க்கலாம். அந்த நாட்களில் பழகிய நா, கொழும்பு திரும்பிய பின்னரும் அதை எளிதில் மறவாது. அதற்கு வேண்டிய மனத்திண்மையையும், அவர்களைச் சூழ உள்ளோருக்குப் பொறுமையையும் எல்லாம் வல்ல பரம்பொருள் அருள்வாராக.